இரத்தக் குழாய்ச் செல்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்துகள்: ஆய்வகச் சோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தக் குழாய்ச் செல்கள் பெருகுவது இயல்பானதுதானே? அதை ஏன் மருந்தால் தடுக்க வேண்டும்?

இயல்பானதுதான். காயம் ஆறுவதும், கருப்பையின் உட்சுவர் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுவதும், கரு வளர்வதும் புதிய குழாய்கள் இல்லாமல் நடக்காது. ஆனால் வளர்ந்தவர் உடலில் இத்தகைய சில தருணங்களைத் தவிர, குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்கள் பெரும்பாலும் பிரியாமல் அமைதியாகவே இருக்கின்றன. அந்த அமைதி தவறான இடத்தில் கலையும்போது நோய் உண்டாகிறது.

நுண்குழாயிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தொலைவுக்குத்தான் ஆக்சிஜன் திசுவுக்குள் பரவும். ஆகவே ஒரு புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் அது தனக்கென்று குழாய்களை வரவழைத்துக்கொண்டாக வேண்டும். அந்தக் குழாய்களைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்ற கருத்தை அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்தார். பல ஆண்டுகள் பலரும் நம்ப மறுத்த அந்தக் கருத்துதான் இன்று ஒரு பெரிய மருந்துத் துறையாக வளர்ந்திருக்கிறது. விழித்திரைக்கு அடியில் குழாய்கள் முளைத்துக் கசிவதால் பார்வையைப் பறிக்கும் ஈர வகை மாக்குலா சிதைவு, நீரிழிவால் வரும் விழித்திரை நோய், பச்சிளங்குழந்தைகளுக்குத் தோலில் தோன்றும் ஹெமாஞ்சியோமா என்ற இரத்தக் குழாய்க் கட்டி ஆகியவையும் இதே வகையில் சேரும். இதயத் தமனியில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு உலோக வலைக்குழல்) பொருத்திய பிறகு குழாய் மீண்டும் அடைபடுவதும் செல் பெருக்கத்தால்தான். ஆனால் அங்கே பெருகுவது வேறு வகைச் செல்.

எந்தச் செல்லைச் சோதிக்கிறார்கள் என்பது அவ்வளவு முக்கியமா?

சோதனையின் பொருளே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இரத்தக் குழாய்ச் செல் என்று பொதுவாகச் சொன்னாலும் குழாயின் சுவரில் முதன்மையாக இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. இரத்தத்தைத் தொட்டுக்கொண்டு ஒற்றை அடுக்காக இருப்பவை எண்டோதீலியச் செல்கள். அவற்றுக்கு வெளியே குழாயைச் சுருக்கவும் தளர்த்தவும் செய்பவை மென்தசைச் செல்கள். புற்றுக்கட்டியிலும் கண்ணிலும் புதிய குழாய் முளைக்கும்போது முன்னால் செல்வது எண்டோதீலியச் செல். ஸ்டென்ட் வைத்த தமனியின் உள்விட்டத்தைக் குறுக்குவது மென்தசைச் செல்களின் பெருக்கம்.

இந்த வேறுபாட்டின் விளைவை ஸ்டென்ட்களின் வரலாறு தெளிவாகக் காட்டியது. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட சிரோலிமஸ், செல்லுக்குள் எம்டார் என்ற புரதத்தைத் தடுத்து, டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கும் முன்பே செல்சுழற்சியை நிறுத்திவிடுகிறது. அதைப் பூசிய ஸ்டென்டுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. செல் பிரிவைத் தடுக்கும் மற்றொரு மருந்தான பாக்ளிடாக்செல் பூசிய ஸ்டென்ட் அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்தது. தமனி மீண்டும் குறுகுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் இந்த மருந்துகள் மென்தசைச் செல்லை மட்டும் தேர்ந்தெடுத்துத் தடுப்பவை அல்ல. ஸ்டென்ட்டின் கம்பிகளை மூட வேண்டிய எண்டோதீலியச் செல்களையும் அவை தாமதப்படுத்தின. மூடப்படாத உலோகத்தின்மீது மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூட இரத்தம் உறையலாம் என்ற கவலை 2006 வாக்கில் உலகெங்கும் எழுந்தது. பொருத்தப்பட்டவர்கள் நீண்ட காலம் இரண்டு உறைவுத் தடுப்பு மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ள வேண்டியிருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே குழாய் தொடர்பான எந்த மருந்தையும் இரண்டு வகைச் செல்களிலும் அருகருகே சோதிப்பது குறைந்தபட்சத் தேவை என்றே கருத வேண்டும்.

சோதனைக்கான செல்கள் எங்கிருந்து கிடைக்கின்றன?

மிகப் பரவலாகப் பயன்படுபவை மனிதத் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து எடுக்கப்படும் எண்டோதீலியச் செல்கள். பிரசவத்துக்குப் பின் அப்புறப்படுத்தப்படும் தொப்புள்கொடியைத் தாயின் ஒப்புதலோடு பெற்று, சிரைக்குள் கொலாஜினேஸ் நொதியைச் செலுத்தி உட்பரப்புச் செல்களைத் தளர்த்திச் சேகரிக்கிறார்கள். இம்முறையை எரிக் ஜாஃபேயும் அவருடைய குழுவினரும் 1973இல் வெளியிட்ட பிறகுதான் மனித எண்டோதீலியச் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது வழக்கமாயிற்று. செல்கள் தட்டை நிறைத்து வளர்ந்ததும், நெருக்கமாகப் பதித்த கூழாங்கற்களின் தோற்றத்தில் இருக்கும். அந்த நிலையில் ஒன்றையொன்று தொட்டதும் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். அவை எண்டோதீலியச் செல்கள்தாம் என்பதை சிடி31, வான் வில்லபிராண்ட் காரணி ஆகிய அடையாளப் புரதங்களைக் கொண்டு உறுதிசெய்கிறார்கள்.

இந்தச் செல்களுக்கு வரம்புகள் உண்டு. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி வளர்க்க வளர்க்க அவை தம் இயல்பை இழக்கின்றன. எனவே பெரும்பாலான ஆய்வகங்கள் ஐந்து அல்லது ஆறு முறைக்கு மேல் மாற்றிய செல்களைச் சோதனைக்குப் பயன்படுத்துவதில்லை. ஒரு கொடையாளரின் செல்லும் மற்றொருவரின் செல்லும் மருந்துக்கு ஒரே மாதிரி எதிர்வினை தரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. மேலும், தொப்புள்கொடிச் சிரை ஒரு பெரிய குழாய். நோயில் முளைப்பவையோ நுண்குழாய்கள். கண்ணுக்கான மருந்து என்றால் விழித்திரை நுண்குழாய்ச் செல்களிலும், தோலுக்கானது என்றால் தோலின் நுண்குழாய்ச் செல்களிலும் சரிபார்ப்பதே முறை.

சோதனை நடைமுறையில் எப்படி இருக்கும்?

96 குழிகள் கொண்ட ஒரு நெகிழித் தட்டை எடுத்துக்கொள்வோம். குழிகளின் அடிப்பகுதியில் ஜெலட்டின் அல்லது ஃபைப்ரோநெக்டின் பூசி, ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் செல்களை இடுகிறார்கள். 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 5 சதவீதக் கார்பன் டைஆக்சைடும் உள்ள இன்குபேட்டரில் ஓர் இரவு வைத்தால் செல்கள் அடியில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் மருந்தைப் பல செறிவுகளில், ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று குழிகளாவது ஒதுக்கிச் சேர்க்கிறார்கள். பிறகு 48 அல்லது 72 மணி நேரம் காத்திருந்து அளவிடுகிறார்கள்.

எளிமையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் பிழை நுழையும் வழிகள் பல. தட்டின் ஓரக் குழிகளில் நீர் விரைவாக ஆவியாவதால் அங்கே மருந்தின் செறிவு கூடிவிடும். அதனால் பலர் ஓரக் குழிகளில் வெறும் திரவத்தை நிரப்பி அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீரில் கரையாத மருந்துகளை டிஎம்எஸ்ஓவில் கரைக்கிறார்கள். அந்தக் கரைப்பானே செல்களைப் பாதிக்கக்கூடியது என்பதால் அதன் இறுதி அளவை 0.1 சதவீத அளவில் நிறுத்தி, மருந்தில்லாமல் கரைப்பான் மட்டும் சேர்த்த குழிகளையே ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். செயல்படும் என்று முன்பே தெரிந்த ஒரு மருந்தும் அதே தட்டில் இருக்க வேண்டும். அது செயல்படவில்லையென்றால் அன்றைய சோதனையில் எதையும் நம்ப முடியாது.

வளர் ஊடகத்தின் சேர்மானம் இன்னும் நுட்பமானது. எண்டோதீலியச் செல்களுக்கான ஊடகத்தில் சீரத்தோடு (இரத்தம் உறைந்த பின் பிரியும் திரவம்) பல வளர்ச்சிக் காரணிகள் கலந்திருக்கும். அவற்றில் ஒன்றான, எண்டோதீலியச் செல்களைப் பெருகத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற காரணியை மட்டும் தடுக்கும் மருந்தை அந்தச் செழிப்பான ஊடகத்தில் சோதித்தால், மற்ற காரணிகளின் துணையோடு செல்கள் தொடர்ந்து பெருகும். நல்ல மருந்தும் பயனற்றதாகத் தெரியும். அத்தகைய மருந்துக்குச் செல்களை முதலில் மிகக் குறைந்த சீரத்தில் சில மணி நேரம் வைத்திருந்து, மருந்தைச் சேர்த்து, பிறகு விஇஜிஎஃப்பை மட்டும் அளந்து கொடுக்க வேண்டும். எந்தத் தூண்டுதலுக்கு எதிராக மருந்து சோதிக்கப்பட்டது என்று குறிப்பிடாத முடிவை வைத்து ஒன்றும் சொல்ல இயலாது.

எம்டிடி சோதனையில் ஊதா நிறம் குறைந்தால் செல் பெருக்கம் குறைந்துவிட்டது என்று கொள்ளலாமா?

அப்படிக் கொள்வதுதான் இந்தத் துறையில் மிகவும் பரவலான அவசரம். எம்டிடி என்பது மஞ்சள் நிற உப்பு. உயிருள்ள செல்களின் நொதிகள் அதை ஊதா நிற ஃபார்மசான் படிகங்களாக மாற்றுகின்றன. படிகங்களைக் கரைத்து, 570 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கருவி அளக்கிறது. 1983இல் அறிமுகமான இந்த முறை மலிவானது, விரைவானது. ஒரே நாளில் பல தட்டுகளைப் படித்துவிடலாம்.

ஆனால் அது அளப்பது செல்களின் வளர்சிதை மாற்றத்தை. செல்களின் எண்ணிக்கையை நாம் அதிலிருந்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான். மைட்டோகாண்டிரியாவைப் பாதிக்கும் ஒரு மருந்து, செல்களின் எண்ணிக்கையைத் தொடாமலே நிறத்தைக் குறைக்கும். பிரிவதை நிறுத்திய செல் அளவில் பெருத்து அதிக நொதியோடு இருந்தால், பெருக்கம் நின்ற பிறகும் நிறம் உயர்ந்தே இருக்கும். எனவே நிறமாற்றச் சோதனையை முதல் சல்லடையாக வைத்துக்கொண்டு, பெருக்கத்தையே நேரடியாகக் காட்டும் மற்றொரு முறையால் உறுதிசெய்ய வேண்டும். செல்களை டிரிப்சின் நொதியால் தட்டிலிருந்து பிரித்தெடுத்து நுண்ணோக்கியின் கீழ் எண்ணுவது இன்றும் மதிப்பிழக்காத முறை. புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் போய்ச் சேரும் பிஆர்டியு, இடியு போன்ற குறியீட்டு மூலக்கூறுகள் எத்தனை செல்கள் பிரிவதற்குத் தயாராகின்றன என்பதைக் காட்டும். பெருகும் செல்களில் காணப்படும் கேஐ-67 புரதத்தைச் சாயமேற்றிப் பார்ப்பதும், ஒவ்வொரு செல்லிலும் உள்ள டிஎன்ஏவின் அளவைப் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில் அளந்து செல்சுழற்சியின் எந்தக் கட்டத்தில் செல்கள் தேங்கியிருக்கின்றன என்று அறிவதும் இதே நோக்கத்துக்கானவை.

மருந்து செல்களைக் கொல்கிறதா, பெருகாமல் நிறுத்துகிறதா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

தொடக்க எண்ணிக்கையை அளந்து வைத்திருந்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு குழியில் 4,000 செல்களோடு தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 72 மணி நேரத்தில், மருந்து சேர்க்காத குழியில் அவை 12,000 ஆகின்றன. மருந்து சேர்த்த குழியில் 4,000 செல்களே இருந்தால், வழக்கமான கணக்கில் அது ஏறத்தாழ 67 சதவீதத் தடுப்பு என்று எழுதப்படும். உண்மையில் பெருக்கம் முழுவதுமாக நின்றிருக்கிறது, ஒரு செல்கூடக் குறையவில்லை. 2,000 செல்கள் இருந்தால் கணக்கு 83 சதவீதம் என்று சற்றே உயரும்; ஆனால் அங்கே நடந்திருப்பது அழிவு. இரண்டும் முற்றிலும் வேறான நிகழ்வுகள். மருந்து சேர்க்கும் வேளையில் ஒரு தட்டைத் தனியாக எடுத்து எண்ணிவைக்காத ஆய்வில் இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

அடுத்ததாக, செல் சிதைந்து வெளியேறும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியை ஊடகத்தில் அளக்கலாம். திட்டமிட்ட செல் மரணத்தின் தொடக்கத்தை அனெக்சின்-வி சாயத்தால் காணலாம். மருந்தைக் கழுவி நீக்கிவிட்டுச் செல்கள் மறுபடி பெருகுகின்றனவா என்று பார்ப்பதும் மிகப் பயனுள்ள எளிய சோதனை.

இந்த வேறுபாட்டுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஃபோக்மனின் ஆய்வகத்திலேயே கிடைத்தது. எண்டோதீலியச் செல் வளர்ப்பு ஒன்றில் தற்செயலாக ஒரு பூஞ்சை தொற்றிக்கொண்டது. பூஞ்சைக்கு அருகிலிருந்த செல்கள் உருண்டு வடிவம் மாறியிருந்ததை டொனால்ட் இங்பர் கவனித்தார். தொற்றிய தட்டைத் தூக்கி எறிவதுதான் எந்த ஆய்வகத்திலும் வழக்கம். அவர் அதை எறியாமல் ஆராய்ந்தார். ஃபியூமாஜிலின் என்ற பொருள் இதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டு, அதிலிருந்து டிஎன்பி-470 என்ற செயற்கை மருந்து உருவாக்கப்பட்டது. முடிவுகள் 1990இல் வெளியாயின. எண்டோதீலியச் செல்களின் பெருக்கத்தை இது நானோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவிலும் அதற்குக் கீழும் நிறுத்துகிறது. செல்களைக் கொல்வதற்கோ பன்மடங்கு அதிக அளவு தேவைப்படுகிறது. இவ்விரு செறிவுகளுக்கும் இடையிலான அகன்ற இடைவெளிதான் அதை ஒரு நஞ்சிலிருந்து வேறுபடுத்திக் காட்டியது. (பின்னர் மனிதச் சோதனைகளில் நரம்பு மண்டலப் பக்கவிளைவுகள் அதன் அளவைக் கட்டுப்படுத்தின.)

பாதித் தடுப்புச் செறிவு என்ற எண்ணை எப்படிப் படிக்க வேண்டும்?

பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு அது. எண் சிறியதாக இருந்தால் மருந்து வீரியமானது என்பது உண்மையே. ஆனால் அந்த ஒற்றை எண்ணைத் தனியாக வைத்துப் படிப்பது ஆபத்தானது.

முதலில், அந்தச் செறிவு மனித இரத்தத்தில் எட்டக்கூடியதா என்று கேட்க வேண்டும். சிறுநீரகப் புற்றுக்கு 2006இல் ஒப்புதல் பெற்ற சுனிடினிப் மருந்தையே எடுத்துக்கொள்வோம். சிகிச்சையின்போது இரத்தத்தில் எட்ட விரும்பும் அளவு, அதன் செயல்படும் விளைபொருளையும் சேர்த்து, ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 நானோகிராம். மைக்ரோமோலாரில் (ஒரு மைக்ரோமோலார் ஆயிரம் நானோமோலார்) சொன்னால் அது 0.1 முதல் 0.25 வரை. அதிலும் பெரும்பகுதி இரத்தப் புரதங்களோடு பிணைந்திருப்பதால் செல்லுக்குக் கிடைக்கும் பங்கு இன்னும் குறைவு. அப்படியிருக்க, 10 மைக்ரோமோலாரில் செல்கள் பெருகவில்லை என்று காட்டும் ஒரு படம், உடலில் ஒருபோதும் நிகழாத ஒரு சூழலைத்தான் காட்டுகிறது.

அடுத்து, மற்றச் செல்களோடு ஒப்பிட வேண்டும். அதே மருந்து இணைப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களையும் மென்தசைச் செல்களையும் அதே செறிவில் தடுத்தால், அது குழாய்களைக் குறிவைக்கும் மருந்தாகாது. பொதுவாகச் செல் பிரிவைத் தடுக்கும் மருந்து. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வேகமாகப் பிரியும் செல்லும் மெதுவாகப் பிரியும் செல்லும் 72 மணி நேரத்தில் வெவ்வேறு முறை பிரிந்திருக்கும். அதனாலேயே, மருந்துக்கு இரண்டும் ஒரே அளவு கட்டுப்பட்டாலும், பாதித் தடுப்புச் செறிவு வேறுபட்டுத் தெரியும். வளர்ச்சி வேகத்தைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்யும் முறை 2016இல் முன்மொழியப்பட்டது. அது இன்னும் பரவலாகக் கையாளப்பட வேண்டும்.

பெருக்கத்தை மட்டும் அளந்தால் போதுமா?

போதாது. புதிய குழாய் உருவாக, செல் சுற்றியுள்ள அடித்தளத்தைக் கரைக்க வேண்டும், தூண்டுதல் வரும் திசையில் நகர வேண்டும், மற்றச் செல்களோடு சேர்ந்து உள்ளீடற்ற குழலாக அமைய வேண்டும். நகர்வை அறிய, நிறைந்து வளர்ந்த செல்படலத்தில் பிப்பெட் முனையால் ஒரு கோடு கீறி, அந்த இடைவெளி எவ்வளவு நேரத்தில் மூடுகிறது என்று படமெடுக்கிறார்கள். துளைகளுள்ள சவ்வின் ஊடே செல்கள் கடந்து செல்வதை எண்ணும் முறையும் உண்டு. குழல் அமைவதைப் பார்க்க, எலியின் கட்டியிலிருந்து பெறப்படும் மேட்ரிஜெல் என்ற கூழின்மீது செல்களைத் தூவினால், சில மணி நேரத்திலேயே அவை வலைப்பின்னலாக இணைகின்றன. பார்வைக்கு மிக அழகான சோதனை இது. ஆய்வுக் கட்டுரைகளில் இதன் படம் இடம்பெறாமல் இருப்பது அரிது. ஆனால் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் சில புற்றுச் செல்களும்கூட அந்தக் கூழில் வலைபோல் அமைவதுண்டு. ஆகையால் அந்தப் படத்தை மட்டும் சான்றாக வைத்து ஒரு மருந்தைப் பற்றி முடிவு கட்டக் கூடாது.

எலியின் பெருந்தமனியை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகல வளையங்களாக வெட்டிக் கொலாஜன் கூழில் பதிக்கும் முறை இதைவிட உண்மைக்கு நெருக்கமானது. அந்த வளையத்தில் குழாய்ச் சுவரின் எல்லா வகைச் செல்களும் இயற்கையான அடுக்கில் இருக்கின்றன. ஓரிரு வாரங்களில் அதிலிருந்து புதிய குழாய்கள் கிளைத்து வளர்வதைக் கண்ணால் காணலாம்.

விலங்குகளில் சோதிக்காமல் முடிவுக்கு வர முடியாதா?

படிப்படியாகக் குறைத்துவருகிறார்கள். கருவுற்ற கோழி முட்டையின் ஓட்டில் ஒரு சிறு சாளரம் திறந்து, கருவைச் சூழ்ந்த சவ்வின்மீது மருந்து தோய்ந்த வட்டை வைத்து, அதைச் சுற்றிக் குழாய்கள் கிளைக்கின்றனவா என்று பார்ப்பது பழைய முறை. ஒளி ஊடுருவும் உடல் கொண்ட வரிக்குதிரை மீனின் கருக்களில், குழாய்ச் செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றம் செய்து, உயிருள்ள கருவிலேயே குழாய்கள் வளர்வதைப் பின்தொடரலாம். மனிதச் செல்களைக் கொண்டு சிறு சில்லுகளுக்குள் இரத்த ஓட்டத்தோடு கூடிய குழாய்களை வளர்க்கும் முறையும் வளர்ந்துவருகிறது. புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற சட்டத் தேவையை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது இதற்கு ஊக்கமளித்திருக்கிறது.

விலங்குகளைப் பயன்படுத்தும்போது இனங்களுக்கு இடையிலான வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. பெவசிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மனித விஇஜிஎஃப்பை இறுகப் பற்றும். எலியின் விஇஜிஎஃப்பை அது சரியாகத் தடுப்பதில்லை. மனிதக் கட்டியை எலியில் பதித்துச் சோதிக்கும்போது, கட்டியைச் சுற்றியுள்ள எலித் திசு சுரக்கும் விஇஜிஎஃப் தடையின்றி வேலைசெய்துகொண்டே இருக்கும். தாலிடோமைடின் கதை இதைவிடத் துயரமானது. 1957இல் ஜெர்மனியில் தூக்க மருந்தாகச் சந்தைக்கு வந்து, பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறக்கக் காரணமான அந்த மருந்து, எலிக் கருக்களில் அதே ஊனத்தை உண்டாக்குவதில்லை, முயலில் உண்டாக்குகிறது. அது குழாய் முளைப்பைத் தடுக்கிறது என்பதை ராபர்ட் டி'அமாட்டோ 1994இல் காட்டியதும் முயலின் கருவிழியில்தான்.

ஆய்வகத்தில் சிறந்து விளங்கிய மருந்து நோயாளியிடம் ஏன் தோற்கிறது?

எண்டோஸ்டாடின் என்ற புரதம் 1997இல் எலிகளில் கட்டிகளைச் சுருக்கியது; மறுபடி மறுபடி கொடுத்தும் கட்டிகள் அதற்கு எதிர்ப்புத் திறன் பெறவில்லை. அடுத்த ஆண்டு உலகச் செய்தித்தாள்கள் புற்றுக்கு முடிவு வந்துவிட்டது என்ற அளவுக்கு எழுதின. நோயாளிகளின் எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு உயர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கனக்கிறது. அமெரிக்காவில் நடந்த மனிதச் சோதனைகளில் எலிகளில் கண்ட பலன் கிடைக்கவில்லை.

காரணம் ஒன்றல்ல. சோதனைக் குழியில் செல்களுக்கு நாம் கொடுக்கும் ஒரு தூண்டுதலைத் தடுத்தால் போதும். கட்டியோ ஒரு வழி அடைபட்டால் வேறு வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து மாற்று வழி தேடும். குழிகளில் இளம் செல்கள் மும்முரமாகப் பிரிகின்றன. நாள்பட்ட கட்டியின் குழாய்களைச் சுற்றி வேறு செல்கள் அரணாகப் படிந்திருக்கும். மேலும், சில மருந்துகள் குறைந்த செறிவில் எதிர்மாறாகவே செயல்படக்கூடும். செல்கள் சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்ள உதவும் இண்டெக்ரின் புரதங்களைத் தடுக்கும் சிலெஞ்சிடைட் போன்ற பொருள்கள் மிகக் குறைந்த அளவில் குழாய் முளைப்பைத் தூண்டக்கூடும் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்று உயர்ந்த செறிவுகளை மட்டும் சோதிக்கும் ஆய்வில் இது கண்ணிலேயே படாது. அகன்ற செறிவு வரிசை தேவை என்று வற்புறுத்துவதற்கு இதுவே போதிய காரணம்.

பலன் ஒரு நோயில் இருந்து மற்றொன்றில் இல்லாமலும் போகலாம். பெவசிசுமாப் 2004இல் பரவிய பெருங்குடல் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. பரவிய மார்பகப் புற்றுக்கு 2008இல் விரைவு ஒப்புதல் கிடைத்து, ஆயுளை நீட்டிக்கவில்லை என்று தெரிந்ததால் 2011இல் அந்த ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. கண்ணிலோ இவ்வகை மருந்துகள் சிகிச்சையையே மாற்றிவிட்டன: 2006இல் வந்த ரானிபிசுமாப், ஈர வகை மாக்குலா சிதைவில் பார்வை இழப்பைத் தடுத்ததோடு பலருக்கு இழந்த பார்வையில் ஒரு பகுதியையும் மீட்டுத் தந்தது.

தாவரச் சாறுகள் பற்றி இத்தனை நல்ல முடிவுகள் வெளியாகின்றனவே?

அவற்றில் உண்மையும் உண்டு. பாக்ளிடாக்செலே மரப்பட்டையில் கண்டறியப்பட்டதுதான். ஆனால் அளவீட்டுச் சிக்கல்கள் இங்கே கூடுதல். சாற்றிலுள்ள நிறம் கருவியின் ஒளி அளவீட்டில் கலந்துவிடும். சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்கள் செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியை ஊதாவாக மாற்றவல்லவை. எனவே செல் இடாமல் சாற்றை மட்டும் சேர்த்த குழிகள் கட்டாயம் வேண்டும். அவை இல்லாத ஆய்வை நான் ஏற்பதில்லை.

ஆய்வக முடிவைப் படித்துவிட்டு ஒருவர் அத்தகைய மருந்தைத் தாமாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. விஇஜிஎஃப் நோயுற்ற குழாய்களுக்கு மட்டும் உரியதன்று. இயல்பான குழாய்களும் சிறுநீரக வடிகட்டிகளும் அதைச் சார்ந்தே இருக்கின்றன. அதனால்தான் இரத்த அழுத்தம் உயர்வதும், சிறுநீரில் புரதம் வெளியேறுவதும், காயம் ஆறத் தாமதமாவதும், அரிதாகக் குடலில் துளை விழுவதும் இம்மருந்துகளின் அறியப்பட்ட விளைவுகளாக இருக்கின்றன. பெவசிசுமாப் ஊசியைப் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி விட்டே கொடுக்கிறார்கள். பச்சிளங்குழந்தைகளின் ஹெமாஞ்சியோமாவுக்கு இன்று முதல் மருந்தாக விளங்கும் ப்ரொப்ரனலால்கூட, இதயக் கோளாறுக்காக அதைப் பெற்ற குழந்தைகளிடம் 2008இல் பிரான்ஸ் மருத்துவர்கள் தற்செயலாகக் கண்ட பலனிலிருந்து தொடங்கி, முறையான சோதனைகளைக் கடந்து, 2014இல்தான் இந்த நோய்க்கென ஒப்புதல் பெற்றது. அந்த மருந்தைத் தொடங்கும்போது குழந்தையின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் முதல் மணி நேரங்களில் கண்காணிக்கிறார்கள். சர்க்கரை அளவு இறங்கிவிடாமல் இருக்கப் பால் கொடுக்கும் வேளையிலோ கொடுத்த உடனேயோதான் மருந்தைத் தரச் சொல்கிறார்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ அந்த வேளை மருந்தைத் தவிர்க்க வேண்டும்.